திருடாமல் கட்டினாலும் ஒழுகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறந்து ஒரு வருடம்கூட ஆகாத அரசுக் கட்டடம் ஒன்றில் மாடிக் கழிப்பறைத் தண்ணீர் கீழே வார்டுக்குள் சொட்டுவதைப் போன வாரம் படத்தோடு போட்டிருந்தீர்கள். மறுநாள் வந்த வாசகர் கடிதங்கள் எல்லாமே ஒரே பாட்டு. கமிஷன், சிமெண்டில் கை வைத்துவிட்டார்கள், கான்டிராக்டரைப் பிடித்து உள்ளே போடுங்கள். கமிஷனே கிடையாது என்று சொல்ல நான் வரவில்லை, சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். ஆனால் ஒரு பைசா திருடாமல், நல்ல சிமெண்ட், நல்ல கம்பி போட்டு, நேர்மையான இன்ஜினியர் பக்கத்திலேயே நின்று கட்டியிருந்தாலும் அந்தக் கழிப்பறை ஒழுகியிருக்கலாம். அப்படி ஒழுகிய ஒன்றைக் கட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால்தான் எழுதுகிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நான் போன முதல் சைட் ஒரு மூன்று மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம். ஊர் வேண்டாம், ஆளும் வேண்டாம். சைட் ஆபீஸ் என்ற தகரக் கொட்டகையில் ஆர்க்கிடெக்ட் டிராயிங் ஒரு சுருள், ஸ்ட்ரக்சுரல் டிராயிங் ஒரு சுருள், பிளம்பிங் ஒரு சுருள் என்று மூலையில் சாத்தி வைத்திருப்போம். எலெக்ட்ரிக்கல் வேலை தனி டெண்டர் என்பதால் அந்தச் சுருள் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. ஏசி டிராயிங் வந்தபோது இரண்டாவது மாடிக்கு ஸ்லாப் போட்டு முடித்திருந்தோம். இந்த நாலைந்து சுருளையும் ஒரே மேஜையில் விரித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர் அந்தத் திட்டத்தில் யாருமே இல்லை. அது யாருடைய வேலையாகவும் இல்லை.

முதல் மாடிக் கழிப்பறைகளில் இருந்து கழிவுக் குழாய் ஸ்லாபுக்கு அடியில் ஓடி, மூலையில் இருக்கும் டக்டில், அதாவது குழாய்கள் மேலிருந்து கீழே இறங்க விட்டிருக்கும் இடைவெளியில், இறங்க வேண்டும். பிளானில் அது ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் கழிவுக் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, கொடுக்க வேண்டும் இல்லையா? 60க்கு 1 என்று வைத்தால் 12 மீட்டர் ஓட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இறங்கும். அப்படி இறங்கி வந்த குழாய், டக்டுக்கு முன்னால் குறுக்கே நின்ற பீமில், சரியாக அடிக்கம்பி இருக்கும் உயரத்தில் போய் முட்டியது. பீமுக்கு அடியில் கொண்டுபோகலாம் என்றால் பால்ஸ் சீலிங் இடிக்கிறது, சீலிங்கை இறக்கினால் கீழே தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சரோடு சலைன் பாட்டில் கம்பம் போகாது என்று டாக்டர்கள் சண்டைக்கு வருகிறார்கள். திறப்பு விழாத் தேதி வேறு குறித்தாயிற்று. அப்புறம் என்ன, ஒரு ராத்திரி, கான்கிரீட்டில் வட்டமாக ஓட்டை போடும் கோர் கட்டிங் மிஷின் வந்தது. பீமுக்குள் இருந்து வெளியே எடுத்த கான்கிரீட் உருளையை மேஸ்திரி என் கையில் கொடுத்தார், இன்னும் சூடாக இருந்தது. அதன் பக்கத்தில் 20 எம்எம் கம்பி இரண்டின் வெட்டுமுகம், புது நாணயம் மாதிரி பளபளவென்று. மேஸ்திரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார்.

அப்புறம் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டண்ட் வந்து தலையில் அடித்துக்கொண்டு, ஓட்டையை மூடி, பீமைச் சுற்றி இரும்புத் தகடு அடிக்கச் சொன்னார். தகடு ஒரு எக்ஸ்ட்ரா ஐட்டம், அதாவது டெண்டரில் இல்லாத வேலை, அதற்குத் தனி பில். குழாயை இரண்டு பெண்டு கூடுதலாகப் போட்டு வேறு வழியில் வளைத்து டக்டுக்குக் கொண்டுபோனோம். கடைசி நாலு மீட்டருக்கு வாட்டமே இல்லை. வாட்டம் இல்லாத இடத்தில் கழிவு தங்கும், தங்கினால் அடைக்கும், அடைத்தால் குச்சி விட்டுக் குத்துவார்கள், குத்தினால் ஜாயிண்ட் விடும். எட்டாவது மாதம் கீழே சொட்டியது. இதில் யார் திருடன்? பிளம்பிங் டிராயிங் போட்டவர் அவர் கோட்டைச் சரியாகத்தான் போட்டார், பீம் டிசைன் செய்தவரும் அவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டார். குழாயும் பீமும் முதல்முதலாகச் சந்தித்துக்கொண்டதே சைட்டில்தான்.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் பிம் மாடலராக இருக்கிறேன். பிம் என்றால் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். கட்டடத்தைக் கோடு கோடாக வரையாமல், கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை முழுசாகக் கட்டிப் பார்ப்பது. அங்கே பீம் என்றால் நீள அகல உயரத்தோடு, கம்பியோடு பீம். குழாய் என்றால் விட்டம், வாட்டம், மேலே சுற்றும் இன்சுலேஷன் வரைக்கும் குழாய். ஆர்க்கிடெக்ட் மாடல், ஸ்ட்ரக்சுரல் மாடல், பிளம்பிங், ஏசி எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஓட விட்டால் எது எதில் முட்டுகிறது என்று சாஃப்ட்வேர் எடுத்துக் கொடுத்துவிடும். எங்கள் பாஷையில் கிளாஷ். முதல் ஓட்டத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டும், அதில் முக்கால்வாசி சும்மா, ஒரு குழாய் இன்சுலேஷனை ரெண்டு மில்லிமீட்டர் உரசுவதற்கெல்லாம் கத்தும். நிஜமான முட்டல் எது என்று பொறுக்கி எடுக்க ஆளுக்கு அனுபவம் வேண்டும். என் பழைய ஆஸ்பத்திரிப் பீம் அந்தப் பட்டியலில் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும்.

நாங்கள் மாடல் செய்வதில் பெரும்பாலும் பிரிட்டன் நாட்டுப் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும். மதியம் இரண்டரைக்கு அவர்களோடு மீட்டிங், அங்கே அப்போதுதான் காலை. ஒரு மீட்டிங்கில், கட்டடத்தைப் பிற்பாடு பராமரிக்கப்போகிற ஆள், கவனியுங்கள், கட்டப்போகிறவர் இல்லை, திரையில் ஒரு வால்வைக் காட்டி, இதைத் திருப்ப என் ஆள் ஏணியை எங்கே போட்டு நிற்பான் என்று கேட்டார். நிற்க இடமில்லை, கீழே கேபிள் டிரே ஓடுகிறது. பத்து நிமிஷத்தில் குழாயை ஒரு அடி தள்ளிக் காட்டினேன், சரி என்றார், முடிந்தது. செலவு பத்து நிமிஷம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்தக் கோர் கட்டிங் உருளைதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அவர்களும் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர்கள் இல்லை. பிரிட்டன் அரசு 2011ல் ஒரு கட்டுமானக் கொள்கை அறிவித்து, மத்திய அரசு காசில் நடக்கும் வேலைகளுக்கு 2016க்குள் எல்லோரும் பிம் மாடலோடு வர வேண்டும் என்று ஐந்து வருட அவகாசம் கொடுத்தது. சிங்கப்பூரில் 2015ல் இருந்து 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு அனுமதி கேட்கும்போதே மாடலாகத்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அரசுக் கட்டடங்களைக் கவனிக்கும் ஜிஎஸ்ஏ 2003லேயே ஆரம்பித்துவிட்டது. நம் நாட்டிலும் நாக்பூர் மெட்ரோவில் மாடலோடு கால அட்டவணையையும் செலவையும் கோத்து, 5டி பிம் என்று செய்து காட்டினார்கள். ஆக, மெட்ரோ ரயிலுக்கு வரும், விமான நிலையத்துக்கு வரும். தாலுகா ஆஸ்பத்திரிக்கும் அரசுப் பள்ளி வகுப்பறைக்கும்தான் வருவதில்லை. எனக்குக் கடுப்பு என்னவென்றால், எங்கோ இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை ஒழுகாமல் இருக்க கோவையிலும் சென்னையிலும் உட்கார்ந்து மெனக்கெடுகிற பையன்களில் பலர் நம் அரசுப் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள்.

சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது அமைச்சரிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. நூறு கம்ப்யூட்டர் வாங்கி, ரிப்பன் வெட்டி, இரண்டு நாள் டிரெயினிங்கில் பிஸ்கட் கொடுத்து, அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டியல் தட்டிக்கொண்டிருப்பார்கள். ரோகம் வேறு இடத்தில் இருக்கிறது. தப்பை முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் நம் ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு ரூபாய் லாபம் இல்லை. கன்சல்டண்ட்டை எடுப்பது குறைந்த ஃபீஸ் கேட்பவர் யார் என்று பார்த்து, டிராயிங்குக்குக் கொடுப்பது சில வாரம், ஏனென்றால் பூமி பூஜைக்கு நாள் பார்த்தாயிற்று. அவர் நாலு மாடலை ஒட்டவைத்துப் பார்க்க எதற்கு உட்காரப்போகிறார்? கான்டிராக்டர் டெண்டரில் அடிமட்ட ரேட் போட்டுத்தான் வேலையை எடுத்திருப்பார், அவருக்கு மூச்சு விட இடம் கொடுப்பதே எக்ஸ்ட்ரா ஐட்டமும், ஒப்பந்த அளவில் இருந்து மாறும் டீவியேஷனும்தான். டிராயிங்கில் முட்டல் இருந்தால் அவருக்கு நல்லது. இன்ஜினியருக்கோ, டிராயிங்கில் இருந்தபடி கட்டினேன் என்று ஃபைலில் இருந்தால் போதும், தப்பு இருக்கிறது என்று எழுதி வைத்தால் நாளைக்கு ஆடிட்டில் அவரைத்தான் கேட்பார்கள். இத்தனை பேரும் யோக்கியர்களாக இருந்தாலும் பீமில் ஓட்டை விழும்.

அதனால் டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே, கட்டடம் கட்டுகிற அரசுத் துறை தன் காசில் மாடல் செய்து, முட்டல்களைத் தீர்த்து, அந்த மாடலையே டெண்டரோடு கொடுக்க வேண்டும். அதைச் செய்கிறவருக்குச் சதவீதத்தில் கஞ்சத்தனம் பார்க்காமல் ஃபீஸ் கொடுக்க வேண்டும். பிற்பாடு முட்டல் வந்தால் எக்ஸ்ட்ரா யார் கணக்கில் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மாடலில் இருந்து கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை டன், டைல்ஸ் எத்தனை சதுர மீட்டர் என்று அளவு தானாக வந்துவிடும். இப்போது டேப் பிடித்து அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதி, அதில் ஒரு சதவீதத்தை மட்டும் செக் மெஷர்மென்ட் என்று மேலே இருப்பவர் சரிபார்க்கிறார். டெண்டர்களில் ஒளிவுமறைவு கூடாது என்று 1998லேயே சட்டம் போட்ட மாநிலம் இது, ரேட் என்ன என்று இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அளவு? ஒரு கட்டடத்துக்கு உண்மையிலேயே எத்தனை டன் கம்பி வேண்டும் என்று பொதுஜனம் எப்படிச் சரிபார்ப்பது? கமிஷன் கமிஷன் என்று எழுதிய வாசகர்கள் இதைக் கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கத்தியிருப்பேன்.

எங்கிருந்து தொடங்குவது என்றால் பெரிய திட்டங்கள் வேண்டாம், டைப் டிசைனில் இருந்து தொடங்கலாம் என்பேன். வகுப்பறைக் கட்டடம், ஆரம்ப சுகாதார நிலையம், மாணவர் விடுதி, அங்கன்வாடி, இதெல்லாம் ஒரே டிராயிங்கை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கட்டுவது. டிராயிங்கில் ஒரு தப்பு இருந்தால் அதே தப்பு ஒவ்வொரு ஊரிலும் முளைக்கும். சாய்வுப் பாதை இறங்கும் இடத்தில் மழைநீர்க் குழாய் நிற்கும், கதவைத் திறந்தால் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விடும். நீங்களே பத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள், பத்திலும் ஒரே இடத்தில் ஒரே கோளாறு இருக்கும். இதை ஒரு தடவை ஒழுங்காக மாடல் செய்து, கட்டிய இடங்களில் வந்த புகார்களைக் கேட்டுத் திருத்தி வைத்தால் 38 மாவட்டத்துக்கும் அது போதும். அஸ்திவாரம் மட்டும் மண்ணுக்குத் தக்கபடி மாறும். கரிசல் மண்ணில் போடுவதைச் செம்மண்ணில் போட வேண்டாம், அதையும் நாலு வகையாக மாடலிலேயே வைத்துவிடலாம்.

கட்டி முடித்த பிறகு நடப்பது இன்னும் மோசம். கட்டியபடிக்கான டிராயிங், அதாவது ஆஸ்-பில்ட், கொடுக்க வேண்டும் என்று எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். கடைசி பில் வாங்கும்போது, டெண்டர் டிராயிங்கின் மேலேயே அந்த முத்திரையைக் குத்திக் கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளும் பீரோவுக்குள் கரையானுக்குப் போய்ச் சேரும். நாலு வருடம் கழித்துச் சுவரில் ஈரம் கசிந்தால் எங்கே குழாய் போகிறது என்று எவருக்கும் தெரியாது. ரிட்டயர்டான பிளம்பரை வீட்டில் இருந்து ஆட்டோவில் கூட்டிவந்து, அண்ணே, இங்கேயா அங்கேயா என்று கேட்டு, அவர் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்லி, மூன்று இடத்தில் டைல்ஸ் உடைத்துக் கண்டுபிடிப்பார்கள். கான்டிராக்டருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த பணத்தில் ஒரு பங்கை, கட்டியபடியே திருத்திய மாடல் கைக்கு வந்தால்தான் விடுவேன் என்று துறை சொல்லட்டும். அடுத்த நாளே வரும்.

மாடலை எந்த சாஃப்ட்வேரில் கேட்பது என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. ஒரே கம்பெனி சாஃப்ட்வேரில்தான் வேண்டும் என்று எழுதினால் அந்தக் கம்பெனிக்கு வருடாவருடம் லைசென்ஸ் கப்பம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஎஃப்சி என்று எல்லாச் சாஃப்ட்வேரும் படிக்கிற பொது வடிவம் இருக்கிறது, 2013ல் ஐஎஸ்ஓ தரமாகவே ஏற்றாகிவிட்டது. அதைத் திறந்து பார்க்க ஃப்ரீகேட் மாதிரி இலவசங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு வடிவத்தில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 விமானத்தைச் சொல்வார்கள். ஜெர்மனியில் ஒரு பதிப்பு சாஃப்ட்வேர், பிரான்சில் வேறு பதிப்பு. ஹாம்பர்க்கில் செய்து அனுப்பிய ஒயர்க் கட்டு துலூஸில் விமானத்துக்குள் நீளம் எட்டவில்லை. விமானம் கைக்கு வரக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் தாமதம்.

பிம் இருந்தால் தாமதமே வராது என்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். லண்டன் கிராஸ்ரெயில் என்ற ரயில் பாதை, பிம் செய்ததில் முன்னோடி என்று பேர் வாங்கிய திட்டம். 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது 2022 மே மாதம்தான் திறந்தது. அங்கே கழுத்தை அறுத்ததில் பெரிய பங்கு சிக்னலுக்கு. ஒரே ரயில் மூன்று வகை சிக்னல் முறையில் மாறி மாறி ஓட வேண்டும், அதை இணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குழாய் பீமில் முட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் மாடலுக்குத் தெரியும். தேதியை முதலில் அறிவித்துவிட்டு வேலையை அப்புறம் யோசிக்கிற பழக்கத்துக்கு அதில் மருந்து இல்லை.

சின்ன கான்டிராக்டர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. என் மாமாவே கிளாஸ் த்ரீ கான்டிராக்டர், இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அவரை மாடல் செய்யச் சொன்னால் டெண்டர் போடுவதையே விட்டுவிடுவார், பெரிய கம்பெனிகள் மட்டும் மிஞ்சும், அது வேறு வினை. அவரை எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம், பார்க்கச் சொன்னால் போதும். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது என் லேப்டாப்பில் ஒரு மாடலைத் திறந்து, கழிப்பறைச் சுவரை மறைத்துவிட்டு உள்ளே ஓடும் குழாய்களை மட்டும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். டிராயிங் படிப்பதில் எப்போதும் தடுமாறுகிற மனுஷன், இரண்டே நிமிஷத்தில், இந்த நானி டிராப்புக்குப் பக்கத்தில் கம்பி வருதே, எப்படிப்பா குழி எடுப்பே என்றார். நானி டிராப் என்பது கழிப்பறைத் தரைத் தண்ணீர் இறங்கும் வாய். நான் பார்க்காமல் விட்டிருந்தேன். அவர் சொன்னது சரி.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர்கள் அடுத்த தடவை ஒழுகும் கட்டடத்தைப் படம் எடுக்கப் போகும்போது சிமெண்டின் தரத்தோடு சேர்த்து, இந்தக் கட்டடத்தின் எல்லா டிராயிங்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டு, வரும் பதிலை அப்படியே போடுங்கள்.

துறையில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. வகுப்பறைக் கட்டடத்தின் டைப் டிசைன் டிராயிங் ஒரு செட் கொடுங்கள். நானும் கூட வேலை பார்க்கிற நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மாடல் செய்து, முட்டல் பட்டியலோடு கொடுக்கிறோம், காசு வேண்டாம். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை மட்டும் உங்கள் அலுவலகத்தில் உட்காரவையுங்கள், சம்பளப் பட்டியல் வேலையை அவர் தலையில் கட்டாமல்.

இப்படிக்கு,
பழைய சைட் இன்ஜினியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.